ஜூனிபரில் எந்த ரகம்? சரிவுக்கு ஒன்று, கேட்டோரம் ஒன்று, ஜன்னலடிக்கு ஒன்று

படிக்கட்டுவாசி:

வணக்கம் நண்பர்களே. வீட்டின் முன்பக்கத்தைச் சீர்செய்யப் போகிறேன். பூச்செடிகளோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்க வேண்டும், அடிக்கடி தண்ணீர் கேட்கக் கூடாது என்று தேடியதில் மனசு ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடியில் வந்து நின்றுவிட்டது. நர்சரிக்குப் போனால் தலை சுற்றுகிறது. நீலம், வெள்ளி, தங்கம், கரும்பச்சை என்று வரிசையாகத் தொட்டிகள். எல்லாம் முழங்கால் உயரம்தான். எதைக் காட்டிக் கேட்டாலும் "இது இப்படியே குட்டையாக இருக்கும்" என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

என்னிடம் மூன்று இடங்கள் இருக்கின்றன. படிக்கட்டுக்குப் பக்கத்தில் இறங்கும் மண்சரிவு ஒன்று: ஆறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், நாள் முழுக்க வெயில். மழை பெய்தால் மண் அரித்துவந்து படியில் படிகிறது. அடுத்து, கேட்டின் இரு பக்கமும் சுவரை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்கு மண்பட்டை இருக்கிறது. அங்கே ஒல்லியாக, உயரமாகப் பக்கத்துக்கு ஒன்று வேண்டும். கடைசியாக முன்னறை ஜன்னலுக்குக் கீழே ஒரு மீட்டர் இடம். அங்கே காலையில் மூன்று மணி நேரம் வெயில் விழும், அப்புறம் நிழல்தான்.

மண் களிமண். கோடை நல்ல சூடு, ஆனால் காற்றில் ஈரம் குறைவு. குளிர்காலத்தில் சில இரவுகள் உறைபனி விழும். பெருமழை பெய்தால் கேட்டோரம் ஒரு நாள்வரை தண்ணீர் நிற்கும். பக்கத்து வீட்டில் ஒரு பேரிக்காய் மரம் இருக்கிறது. நர்சரியில் நின்ற ஒருவர், "பேரிக்காய் பக்கத்தில் இருந்தால் ஜூனிபரைப் பார்த்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஏன் என்று கேட்பதற்குள் நகர்ந்துவிட்டார். வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான். கண்டதையும் கடிக்கும் நாயும் உண்டு.

இதுவரை குறித்து வைத்திருப்பவை: பிளூ ஸ்டார், பிளூ ரக், ஸ்கைராக்கெட், ஓல்ட் கோல்டு, மின்ட் ஜூலெப், டாமரிசிஃபோலியா. இதில் எதை எங்கே வைப்பது?

பச்சைக்கண்:

பிளூ ஸ்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் பாறைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். அந்த எஃகு நீலம் வேறு எதிலும் கிடையாது. வருஷத்துக்கு ஒரு விரல் நீளம்தான் வளரும், கவாத்தே தேவையில்லை. சரிவு முழுக்க அதையே வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

வேர்க்கட்டி:

பச்சைக்கண் சொல்வதில் பாதிக்குச் சம்மதம். பிளூ ஸ்டார் நல்ல செடிதான், ஆனால் சரிவுக்கு ஆகாது. அதற்கு வருகிறேன்.

நான் ஊசியிலைச் செடிகளைக் கட்டிங் வைத்து வளர்த்து விற்பவள். வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை. நான் முதலில் கேட்பது இடத்தின் அகலத்தை. உயரத்தைக்கூட அப்புறம் பேசிக்கொள்ளலாம். ஜூனிபரின் கிளையில் பச்சை எதுவரை இருக்கிறதோ அதுவரை வெட்டினால்தான் திரும்பத் துளிர்க்கும். உள்ளே வெயில் படாமல் இலை உதிர்ந்த பழைய கட்டையில் கத்தரி வைத்தால் அந்தப் பக்கம் கடைசிவரை மொட்டைதான். "பெரிதாகிவிட்டால் வெட்டிக்கொள்ளலாம்" என்ற பேச்சு இந்தச் செடியிடம் எடுபடாது. நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கிற, ஒரு பக்கம் பழுப்பு எலும்பாகத் தெரிகிற ஜூனிபர்களை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். அதில் செடியின் குற்றம் ஒன்றுமில்லை. மூன்று மீட்டர் படரும் ரகத்தை ஒரு மீட்டர் இடத்தில் வைத்திருப்பார்கள்.

தொட்டியில் எல்லாம் முழங்கால் உயரமாக இருப்பதற்குக் காரணம் வயசு. ஜூனிபர் இனத்தில் தரையோடு ஒட்டிப் படர்வதும் உண்டு, பென்சில் செய்யும் கட்டை தருகிற விர்ஜினியானா மாதிரிப் பெருமரமும் உண்டு. இரண்டுமே ஒரு லிட்டர் தொட்டியில் ஒரே மாதிரி நிற்கும். ஆகவே லேபிளில் "பிளூ" என்று தொடங்கும் அழகுப் பெயரை விட்டுவிட்டு, ஜூனிபெரஸ் என்ற பொதுப்பெயருக்கு அடுத்து வரும் இனப்பெயரைப் படியுங்கள். ஹொரிசான்டாலிஸ் என்றால் தரையில் படரும். ஸ்குவமேட்டா பெரும்பாலும் மேடாக, மெதுவாக வளரும். ஃபிட்சேரியானா என்றால் கையை நாலாபக்கமும் நீட்டும் பெரும் புதர். ஸ்கோபுலோரத்தில் விற்பனைக்கு வருவதில் நிறைய தூண் வடிவம். சைனென்சிஸ் ஒரு பெரிய கூட்டம், அதில் மரமும் இருக்கிறது, புதரும் இருக்கிறது, ரகப் பெயர் தெரியாமல் வாங்கவே கூடாது.

இப்போது உங்கள் சரிவு. அங்கே பிளூ ரக். ஹொரிசான்டாலிஸ் வகை, வில்டோனி என்பது அதன் முறையான ரகப் பெயர். அமெரிக்காவில் மேயின் மாநிலத்தின் வைனல்ஹேவன் தீவில் கண்டெடுத்த செடி. உப்புக்காற்றும் பாறையும் பார்த்து வளர்ந்த வம்சம். உயரம் 10 முதல் 15 சென்டிமீட்டர், அகலம் இரண்டு மீட்டரைத் தாண்டும். அதைவிட முக்கியம், கிளை மண்ணைத் தொடுகிற இடங்களில் வேர் விடும். அரிக்கிற சரிவுக்கு உங்களுக்கு வேண்டியது அதுதான். பிளூ ஸ்டார் உருண்டையாகத் திரண்டு நிற்கும், பரவி வேர் பிடிக்காது. பத்து வருஷத்தில் அரை மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம் வந்தால் பெரிது. பன்னிரண்டு சதுர மீட்டர் சரிவை அதைக்கொண்டு மூட நினைத்தால் அதுவரை மழை காத்திருக்காது. பிளூ ஸ்டாரை விரும்பினால் படிக்கட்டின் தலைப்பில், கண்ணுக்கு அருகில் ஒன்றே ஒன்று வையுங்கள்.

சரிவில் களைத்துணி விரிக்காதீர்கள். விரித்தால் கிளை வேர் விட இடமில்லாமல் போகும். சரளையோ மரப்பட்டையோ மூடாக்காகப் போட்டு, முதல் இரண்டு மூன்று வருஷம் களையைக் கையால் பிடுங்கத்தான் வேண்டும். பராமரிப்பே இல்லாத செடி என்று யாராவது சொன்னால் அது மூன்றாவது வருஷத்துக்கு மேல்தான் உண்மை.

ஜன்னலடிக்கு வருவோம். அங்கே ஜூனிபரே வேண்டாம். ஜூனிபருக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மூன்று மணி நேரத்தில் சாகாது, ஆனால் கிளைகள் இடைவெளி விட்டு நீண்டு, உள்ளே காலியாகி, தங்கநிற ரகமென்றால் பச்சையாக மாறி நிற்கும். மின்ட் ஜூலெப் அரைநிழல் தாங்கும் என்று எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். மற்றவற்றைவிடத் தாங்கும், அது சரி. ஆனால் அது இரண்டு மீட்டருக்கு மேல் அகலம் போகிற வளைந்த புதர், உங்களிடம் இருப்பதோ ஒரு மீட்டர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிசினும் எண்ணெயும் நிறைந்த செடி இது. உள்ளே காய்ந்த இலைகள் தங்கிவிடும், தீப்பிடித்தால் சட்டென்று எரியும். காட்டுத்தீ வருகிற பகுதிகளில் வீட்டுச் சுவரை ஒட்டி ஜூனிபர் வைக்க வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறார்கள். அந்த இடத்தைப் பெரணி மாதிரி நிழல் விரும்பிக்கு விடுங்கள்.

டாமரிசிஃபோலியாவை உங்கள் பட்டியலிலிருந்து நானே அடித்துவிடுகிறேன். சபினா வகை. பார்க்க அழகு, அடுக்கடுக்காக வரும். ஆனால் அந்த வகையின் எண்ணெய் விஷம். இலையைக் கசக்கினால் வருகிற நெடியே சொல்லிவிடும். கண்டதைக் கடிக்கும் நாயும் மூன்று வயதுப் பையனும் இருக்கிற வீட்டில் எதற்கு?

கேட்டோரம் ஸ்கைராக்கெட்டைவிட பிளூ ஆரோ என்று சொல்ல வாய் வருகிறது. இன்னும் ஒல்லி, நீலமும் கூட, அடிக்கிளைகள் தரைவரை அடர்த்தியாக நிற்கும். நாலைந்து மீட்டர் உயரத்துக்கு 60 சென்டிமீட்டர் சொச்சம்தான் அகலம். ஆனால் பேரிக்காய் மரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறீர்கள். பழத்தோப்பு இங்கே வருவார், அவர் சொன்ன பிறகு முடிவு செய்யலாம்.

பழத்தோப்பு:

வந்துவிட்டேன்.

நர்சரியில் அந்த மனிதர் சொன்னது துரு நோயைப் பற்றி. ஜிம்னோஸ்போராஞ்சியம் என்கிற பூஞ்சைக் கூட்டம். இதற்கு உயிர் வாழ இரண்டு வீடு வேண்டும். ஒரு பாதி ஜூனிபரில், மறு பாதி பேரிக்காய், ஆப்பிள் குடும்பத்து மரத்தில். ஜூனிபரில் கிளை லேசாக வீங்கியிருக்கும், அவ்வளவுதான். வசந்தகால மழையில் அந்த வீக்கத்திலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஜெல்லி மாதிரி கொம்புகள் பிதுங்கும். அதிலிருந்து கிளம்பும் வித்துகள் காற்றில் போய்ப் பேரிக்காய் இலையில் உட்காரும். கோடையில் இலை முழுக்கப் பளிச்சென்று ஆரஞ்சுப் புள்ளிகள். பிறகு இலையின் அடிப்பக்கம் சின்னச் சின்ன முடிச்சுகள் கிளம்பும், அங்கிருந்து வித்துகள் ஜூனிபருக்குத் திரும்பும். பேரிக்காயிலிருந்து பேரிக்காய்க்கு இது நேராகப் பரவாது.

எல்லா ஜூனிபரும் குற்றவாளி அல்ல. ஐரோப்பியப் பேரிக்காய்த் துருவுக்கு முக்கிய வீடு சபினா, சைனென்சிஸ், இந்த இரண்டின் கலப்பாகச் சொல்லப்படும் ஃபிட்சேரியானா. ஓல்ட் கோல்டும் மின்ட் ஜூலெப்பும் அந்தக் கடைசிக் கூட்டம். கிழக்காசியப் பேரிக்காய்களுக்கு வரும் துரு வேறு இனம், அதற்கும் சைனென்சிஸ்தான் இடம் கொடுக்கிறது. ஜப்பானில் பேரிக்காய் பயிராகும் சில வட்டாரங்களில் சைனென்சிஸ் ரகமான கைசுகா ஜூனிபரை நடக் கூடாது என்று உள்ளூர் விதியே இருக்கிறது. ஆப்பிளுக்கு வரும் துருவுக்கு விர்ஜினியானாவும் ஸ்கோபுலோரமும் வீடு. கம்யூனிஸ், ஹொரிசான்டாலிஸ், ஸ்குவமேட்டா மூன்றும் பேரிக்காய் விஷயத்தில் பொதுவாக வம்பு செய்யாதவை.

வித்து காற்றில் வெகுதூரம் போகும். நீங்கள் ஒழுங்காக இருந்தாலும் தெருவுக்கு அந்தப் பக்கம் யாராவது டாமரிசிஃபோலியா வைத்திருந்தால் அந்தப் பேரிக்காய்க்குத் துரு வரலாம். ஆனால் வேலியை ஒட்டி இருக்கிற செடியிலிருந்து விழுகிற வித்தின் அளவே வேறு. பக்கத்து வீட்டுக்காரரோடு நல்ல உறவு இருந்தால் அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேட்டோரம் ஸ்கைராக்கெட், பிளூ ஆரோ மாதிரி ஸ்கோபுலோரம் ரகம் வைக்கலாமா என்றால், அதுவும் துருவுக்கு இடம் கொடுக்கிற கூட்டம்தான், பேரிக்காய் இத்தனை அருகில் இருக்கும்போது நான் வைக்க மாட்டேன். கம்யூனிஸில் தூண் வடிவம் இருக்கிறதே, அதைப் பாருங்கள்.

படிக்கட்டுவாசி:

அக்கா, பழத்தோப்பு சார், இரண்டு பேருக்கும் நன்றி. என் பட்டியலில் பாதி போய்விட்டது, ஆனால் மனசு தெளிவாகிவிட்டது.

நேற்று மறுபடி நர்சரிக்குப் போனேன். பிளூ ரக் கேட்டேன். "இரண்டும் ஒன்றுதான்" என்று பிளூ கார்பெட் என்ற ஒன்றைக் கொடுத்தார்கள். தொட்டுப் பார்த்தால் குத்துகிறது. பிளூ ரக் குத்துமா? ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். பிறகு, என் மனைவிக்குத் தங்கநிறம் ஒன்றாவது வேண்டுமாம். ஓல்ட் கோல்டைப் பேரிக்காய் தின்றுவிட்டதே, வேறு ஏதாவது உண்டா? தண்ணீர் நிற்கிற கேட்டோரத்தை என்ன செய்வது?

வேர்க்கட்டி:

வாங்காமல் வந்தது நல்லது தம்பி. இரண்டும் ஒன்றல்ல. பிளூ கார்பெட் ஸ்குவமேட்டா வகை. முப்பது சென்டிமீட்டர்வரை எழும்பும், இலை ஊசியாகக் குத்தும். கெட்ட செடி இல்லை, ஆனால் பையன் படியில் தடுக்கி விழுந்தால் விழ வேண்டியது அதன்மேல் அல்ல. பிளூ ரக்கின் இலை செதில் மாதிரி தண்டோடு ஒட்டியிருக்கும், உள்ளங்கையால் தடவினால் பெரிதாக உறுத்தாது. ஜூனிபரில் இரண்டு வகை இலை உண்டு. இளம் செடியில் எல்லாமே ஊசி. வளர வளரப் பல இனங்கள் செதிலுக்கு மாறும், சில கடைசிவரை ஊசியாகவே இருக்கும். சைனென்சிஸில் ஒரே செடியில் இரண்டையும் பார்க்கலாம், அதைப் பார்த்து வேறு செடி ஒட்டு போட்டிருக்கிறார்கள் என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

தங்கநிறத்துக்கு வழி இருக்கிறது. மதர் லோடு என்று ஒரு ரகம், பிளூ ரக்கிலிருந்தே பிறந்த தங்கநிற வடிவம். அதுவும் தரையோடுதான் போகும். வேகம் குறைவு, ஆகவே நீலச்செடி அதை மூடிவிடாதபடி சரிவின் மேல்விளிம்பில் ஒன்றோ இரண்டோ வையுங்கள். அது கிடைக்காவிட்டால் கம்யூனிஸ் டிப்ரெஸ்ஸா ஆரியா: புதுத் துளிர் மஞ்சளாக வரும், குளிரில் வெண்கல நிறமாகும், ஒன்றரை மீட்டர் இடம் கேட்கும். மஞ்சள் ரகம் எதுவானாலும் வெயில் குறைந்த மூலையில் மஞ்சள் போய்விடும்.

கேட்டோரத்துக்குப் பழத்தோப்பு சொன்ன வழியே போவோம். கம்யூனிஸ் ஹைபெர்னிகா, ஐரிஷ் ஜூனிபர் என்றும் விற்பார்கள். மூன்று மீட்டருக்கு மேல் போகும், ஒல்லியாகவே போகும். குறையையும் சொல்லிவிடுகிறேன்: இது ஊசியிலை, குத்தும். கேட்டைத் திறக்கிற கை படாதபடி கேட்டின் தூணிலிருந்து முக்கால் மீட்டராவது தள்ளி வையுங்கள். சுவருக்கும் அதற்கும் நடுவே அரை மீட்டர். வயசான பிறகு காற்றிலோ பனிப் பாரத்திலோ தூண் பிளந்து கிளைகள் வெளியே சாயும். அப்படிச் சாய்ந்தால் உள்பக்கமாக மெல்லிய கயிற்றால் தளர்வாகக் கட்டினால் போதும்.

தண்ணீர்தான் இதில் பெரிய விஷயம். ஜூனிபர் வறட்சியில் சாவதைவிட ஈரத்தில் சாவது அதிகம். பைட்டோஃப்தோரா என்ற வேரழுகல் தண்ணீர் நிற்கிற களிமண்ணில்தான் வரும், வந்தால் மருந்து ஊற்றிக் காப்பாற்றுகிற கதை இல்லை. கொடுமை என்னவென்றால், வேர் செத்த பிறகும் ஜூனிபர் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். பழுப்பு தெரியும்போது "தண்ணீர் போதவில்லை போல" என்று இன்னும் ஊற்றுவார்கள்.

ஆகவே குழி தோண்டுவதைக் குறைத்து மேடு கட்டுங்கள். கேட்டோரம் இருக்கிற மண்ணையே 20 சென்டிமீட்டர் உயர்த்தி அகலமான திட்டாக்கி அதன்மேல் நடுங்கள். குழிக்குள் மட்டும் உரமண்ணும் மணலும் நிரப்பாதீர்கள். சுற்றிலும் களிமண் இருக்கும்போது அந்தக் குழி தொட்டியாகித் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள். வேர் பிரிகிற கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மூடாக்கையும் கழுத்தோடு குவிக்கக் கூடாது.

வாங்கும்போது தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்கக் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அடுத்த நர்சரி. வேர் வட்டமாகச் சுற்றி கயிறு மாதிரி இறுகியிருந்தால் வேண்டாம். லேசாகச் சுற்றியிருந்தால் நடும்போது பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் கீறி, விரித்து விட்டு நடலாம். உள்ளே தண்டை ஒட்டிய இலைகள் பழுத்திருப்பது இயல்பு. நுனி பழுத்திருந்தால் எடுக்காதீர்கள். நுனிக்கருகல் பூஞ்சை இளந்துளிரில்தான் பிடிக்கும், ஹொரிசான்டாலிஸுக்கு அது கொஞ்சம் சீக்கிரம் வரும். அதனால்தான் சரிவுக்குத் தலைக்கு மேல் தெளிக்கிற தண்ணீர் வேண்டாம், சொட்டுநீர் போடுங்கள் என்கிறேன்.

எண்ணிக்கை: 1.2 மீட்டர் இடைவெளியில் மேல்வரிசை ஐந்து, கீழ்வரிசை அவற்றின் நடுவே நான்கு. மொத்தம் ஒன்பது. அதில் ஒன்றிரண்டு மதர் லோடு. முதலில் வெறிச்சென்று தெரியும். அதைப் பார்த்துப் பொறுக்காமல் இடையிடையே இன்னும் ஒன்பது சொருகாதீர்கள்.

தொட்டிச்செடி:

நடுவில் ஒரு வார்த்தை. ஜன்னலடியில் ஜூனிபர் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டதால், அந்த ஆசையைப் படியோரத் தொட்டியில் தீர்த்துக்கொள்ளலாம். கம்யூனிஸ் கம்ப்ரெஸ்ஸா என்ற குட்டித் தூண், வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும், ஒரு மீட்டரை எட்டுவதே அபூர்வம். கல்தொட்டிக்கென்றே செய்த மாதிரி இருக்கும். விளிம்பில் வழிந்து தொங்க வேண்டுமென்றால் புரோகம்பென்ஸ் நானா. பொன்சாய் என்று கடைகளில் விற்கிற குட்டி ஜூனிபர்களில் பாதி அதுதான்.

அதை வாங்கி வரவேற்பறை மேஜையில் வைக்கிறவர்களுக்குச் சேர்த்துச் சொல்கிறேன்: ஜூனிபர் வீட்டுக்குள் வாழாது. வெயிலும் வெளிக்காற்றும் வேண்டும், குளிர்காலத்தில் குளிரும் வேண்டும். அக்கா சொன்ன அதே காரணத்தால் மேஜைமேல் செத்த பிறகும் கொஞ்ச நாள் பச்சையாக இருக்கும், வாங்கியவர் தன் வீட்டில் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

பச்சைக்கண்:

சரிவுக்கு பிளூ ஸ்டார் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்த பிறகு என் செடியைப் போய்ப் பார்த்தேன், எனக்கே ஒரு கேள்வி. ஒரு பக்கம் நீலம் மங்கிச் சாம்பல் பூசினதுபோல் இருக்கிறது. தண்ணீரெல்லாம் சரியாகத்தான் போகிறது. வேரழுகலா?

வேர்க்கட்டி:

வேரழுகல் என்றால் பெரும்பாலும் ஒரு கிளையோ முழுச்செடியோ பழுப்பாகும். மங்கிய சாம்பல் என்றால் எனக்குச் சிலந்திப்பேன் மேல்தான் சந்தேகம். ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசியைக் கொஞ்சம் பாருங்கள். புள்ளிகள் நடந்தால் அதுதான். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள், மிகச் சின்னது.

ஊசியிலைச் செடிகளில் வரும் முக்கியமான சிலந்திப்பேன் குளிர்ந்த பருவத்தில்தான் பெருகும். கோடையில் நீங்கள் பார்க்கிற நிறமாற்றம் அதற்கு முன்பே நடந்த வேலையாக இருக்கும். அதனால் தாளில் ஒன்றும் நடக்காவிட்டாலும் நிம்மதியடைய வேண்டாம், வெயில் தணிந்த பிறகு திரும்பத் தட்டிப் பாருங்கள். இருந்தால் காலை நேரத்தில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உள்பக்கமும் படும்படி கழுவுங்கள், சில நாள் விட்டுத் திரும்பவும். இருட்டுவதற்குள் இலை காய்ந்துவிட வேண்டும். எடுத்த எடுப்பில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். சில மருந்துகள் பேனைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று பேனுக்கு வழிவிட்டுவிடும். பக்கத்தில் பாறை இருக்கிறது என்றீர்கள், அந்தச் சூடும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிளூ ஸ்டாரின் பூர்வீகமே சுவாரசியமானது, சொல்லிவிடுகிறேன். மெயெரி என்ற பெரிய ஸ்குவமேட்டா ரகத்தில் சூனியக்காரி விளக்குமாறு என்று சொல்கிற, கிளைகள் ஒரே இடத்தில் நெருக்கமாகத் திரளும் ஒரு முடிச்சு வந்தது. நெதர்லாந்தில் அதிலிருந்து கட்டிங் எடுத்து வளர்த்ததுதான் இது. தாய்ச்செடி மெயெரி வயசானால் உள்ளே செத்த இலைகளைச் சுமந்துகொண்டு பரட்டையாக நிற்கும். மகளுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. உள்ளே கையை விட்டுக் காய்ந்ததை உலுக்கி எடுங்கள், கையுறையோடு. சிலருக்கு அந்த ஊசி பட்டாலே தோல் தடிக்கும்.

படிக்கட்டுவாசி:

முடிவு செய்துவிட்டேன். சரிவில் பிளூ ரக் ஏழு, மதர் லோடு இரண்டு. கேட்டோரம் ஹைபெர்னிகா இரண்டு, திட்டு கட்டி. படித்தலைப்பில் ஒரு பிளூ ஸ்டார். ஜன்னலடியில் பெரணி. படியோரத் தொட்டியில் கம்ப்ரெஸ்ஸா. லேபிளில் முழுப்பெயர் இல்லாத எதையும் தொட மாட்டேன்.

கடைசியாக இரண்டு சந்தேகம். ஹைபெர்னிகாவில் காய் வருமா, பையன் தின்றால் என்ன ஆகும்? முதல் வருஷத் தண்ணீர்க் கணக்கு என்ன?

வேர்க்கட்டி:

ஜூனிபரில் பெரும்பாலும் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. காய் பெண்ணில்தான். காய் என்கிறோமே தவிர அது செதில்கள் சதைப்பிடித்து ஒட்டிக்கொண்ட கூம்பு. கம்யூனிஸின் காய்தான் சமையலிலும் ஜின் என்ற மதுவிலும் வாசனைக்குப் போடுவது. பழுக்க ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், ஆகவே பச்சைக்காயும் கருநீலப் பழமும் ஒரே கிளையில் இருக்கும். வாசனைக்குப் போடுவது என்பதால் பையன் கைநிறையத் தின்னலாம் என்று பொருளில்லை. தோட்டத்தில் இருக்கிற எந்த ஜூனிபர் காயும் வாய்க்குப் போகக் கூடாது என்று சொல்லி வையுங்கள். அவனுக்கு இது கம்யூனிஸ், அது சபினா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

தண்ணீருக்கு நாள்கணக்கு வைக்காதீர்கள். தொட்டியிலிருந்து வேரும் மண்ணும் சேர்ந்து உருண்டையாக வரும் வேர்க்கட்டியின் ஓரத்தில் விரலையோ குச்சியையோ ஒரு விரல் ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் நிறைய ஊற்றி, அடுத்தது காயும்வரை விடுங்கள். தொட்டியிலிருந்து வந்த வேர்க்கட்டி சுற்றியுள்ள களிமண்ணைவிட வேகமாகக் காயும், அதனால் முதல் கோடையில் பக்கத்து மண்ணைத் தொட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம், வேர்க்கட்டியிலேயே பாருங்கள். இரண்டாவது வருஷத்தில் பாதியாகக் குறைக்கலாம். சொட்டுநீர்க் குழாயின் வாய் தண்டை ஒட்டி இருக்கக் கூடாது. முதலில் வேர்க்கட்டியின் ஓரத்தில் வையுங்கள், செடி படரப் படர வெளியே நகர்த்துங்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். முதல் உறைபனிக்கு அப்புறம் பிளூ ரக் லேசாக ஊதா கலந்த நிறத்துக்கு மாறும். ஹொரிசான்டாலிஸ் கூட்டத்துக்கே அந்தப் பழக்கம் உண்டு, சில ரகங்கள் நாவல்பழ நிறமே ஆகிவிடும். வெயில் திரும்பினால் நீலமும் திரும்பும். அப்போது செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போகாதீர்கள்.